சப்ளையர் தூளை மாற்றிவிட்டார், உறை பழையது: "பால் இருக்கலாம்" என்ற வரி போதுமா?

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

வணக்கம். சிப்ஸ் போடும் ஒரு சின்ன யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறேன். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் இந்த வேலைக்கென்று ஆளே கிடையாது, அதனால் உள்ளே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு, தக்காளி, சீஸ் என்று மூன்று சுவை போடுகிறோம். மூன்றுக்கும் பொரிப்பது ஒரே சட்டியில், தூள் தூவுவது ஒரே சுழல் டிரம்மில். தூளை நாங்கள் அரைப்பதில்லை. கலந்த தூளாகவே 20 கிலோ மூட்டையில் வந்துவிடும்.

போன செவ்வாய் இரவு தக்காளித் தூள் மூட்டையைப் பிரித்த பையன், "அண்ணா, இது வழக்கமான நிறம் இல்லை, வெளிறிப் போயிருக்கு" என்றான். வெளிச்சம் அப்படித் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. போய் மூட்டையில் தைத்திருந்த சீட்டைப் படித்தேன். நடுவில் 'வே பவுடர்' என்று இருந்தது. பாலாடைக்கட்டி செய்த பிறகு மிஞ்சும் நீரை உலர்த்தி எடுக்கும் தூள்தானே அது, பால் கணக்குதான். பழைய சீட்டு ஒன்று மேசை டிராயரில் கிடந்தது. அதே இடத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கிறது, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள், பால் கிடையாது.

மறுநாள் சப்ளையரைக் கூப்பிட்டால், "ஒரு மாதம் முன்னாடியே மெயில் போட்டோமே சார்" என்கிறார். போட்டிருக்கிறார்தான். பர்ச்சேஸ் பார்ப்பவருக்கு வந்திருக்கிறது. அவர் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு இணைப்பைத் திறக்கவே இல்லை. புதிய ஸ்பெக்கில் வே பவுடர் 15 சதவீதம். நாங்கள் சிப்ஸில் தூவுவது 6 சதவீதம்.

எங்கள் தக்காளி உறையில் மூலப்பொருள் பட்டியலில் பால் இல்லை. ஆனால் அடியில் சின்ன எழுத்தில் "பால், சோயா, கோதுமை இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது, அதே டிரம்மில் சீஸ் ஓடுவதால். மேனேஜர் சொல்வது: "அதான் பால்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன? அளவும் ஒரு சிட்டிகை. கையில இருக்கிற 18 ரோல் உறை தீரட்டும், அடுத்த ஆர்டர்ல மாத்திக்கலாம்." அவர் கெட்டவர் இல்லை. 18 ரோல் என்பது எங்கள் அளவுக்குப் பெரிய விஷயம்.

என் கேள்வி இவ்வளவுதான். அந்த வரி போதுமா? போதாது என்றால் ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டலாமா? இந்தத் தூளில் மூன்று பேட்ச் போட்டுவிட்டோம். இரண்டு குடோனில் இருக்கிறது, ஒன்று போய்விட்டது.

*

சும்மா_வந்தவன்:

ஸ்டிக்கர் ஒட்டுங்க ப்ரோ, முடிஞ்சது. எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க.

*

பழைய_லேப்_கை:

தம்பி, நான் இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்து ஓய்ந்தவன். உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். "ஒன்று போய்விட்டது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். உறை, ரோல், ஸ்டிக்கர் எல்லாம் அதற்கு அப்புறம். போன பேட்சில் பால் இருக்கிறது, உறையில் இல்லை. அது இப்போது பால் ஒவ்வாமை உள்ள யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் டிஸ்பாட்ச் நோட்டை எடுங்கள். எந்த பேட்ச் எண், எத்தனை பெட்டி, யார் யாருக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். வாங்கியவர்களுக்கு இன்றே போன் போக வேண்டும், விற்காமல் தனியே எடுத்து வைக்கச் சொல்லி. உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது. வாங்கியவர்களுக்குத் தெரிகிற மாதிரி அறிவிப்பு எப்படிப் போட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். குடோனில் இருக்கும் இரண்டு பேட்சுக்கும் சிவப்பு அட்டை தொங்கவிட்டு, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாவியை மறக்காதீர்கள். அட்டை தொங்கிய சரக்கு அவசரத்தில் ஏற்றிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி "இருக்கலாம்" விஷயம். அந்த வரி எதற்கு வந்தது? டிரம்மை எவ்வளவு சுத்தம் செய்தாலும் முந்தின சுவையின் தூள் எங்கோ ஒட்டியிருந்து, தெரியாமல் கொஞ்சம் கலந்துவிடலாம். அதற்கான எச்சரிக்கை அது. தெரிந்தே கொட்டிக் கலந்த பொருளுக்கு "இருக்கலாம்" என்று போட்டால் அது பொய். உங்கள் சிப்ஸில் பால் இருக்கலாம் இல்லை, இருக்கிறது. தெரிந்து சேர்த்தது எதுவோ அது மூலப்பொருள் பட்டியலில் வர வேண்டும். வே பவுடர் என்று மட்டும் போட்டாலும் போதாது, அது பால் என்று படிப்பவருக்குப் புரிய வேண்டும். பால் புரதங்களான கேசின், லாக்டல்புமின் எல்லாம் இதே கதைதான். உணவு வேதியியல் படித்தவனுக்குத்தான் அது பால் என்று தெரியும், கடையில் நிற்பவருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அமெரிக்காவில் 9. நாட்டுக்கு நாடு பட்டியல் கொஞ்சம் மாறும். ஆனால் பால் இல்லாத பட்டியல் எதையும் நான் பார்த்ததில்லை, அதனால் அதில் தப்பிக்க இடமில்லை.

"ஒரு சிட்டிகை" என்கிறாரே உங்கள் மேனேஜர், வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கிராம் பாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தூள் 6 சதவீதம், அதாவது 1.8 கிராம். தூளில் வே பவுடர் 15 சதவீதம், அதாவது 270 மில்லிகிராம். சாதாரண வே பவுடரில் புரதம் ஏறக்குறைய 12 சதவீதம். ஆக ஒரு பாக்கெட்டில் 32 மில்லிகிராம் பால் புரதம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு பாலுக்குச் சொன்ன அளவு 2 மில்லிகிராம் புரதம். பால் ஒவ்வாமை உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை அந்த அளவிலேயே வெளியே தெரிகிற மாதிரி பாதிக்கப்படலாம் என்று கணக்கிட்ட அளவு அது. உங்கள் பாக்கெட்டில் இருப்பது அதைப்போல் பதினாறு மடங்கு. திருப்பிச் சொன்னால், இரண்டு கிராம் சிப்ஸ் போதும். இரண்டு கிராம் என்பது பெரிய வில்லை ஒன்று. மேனேஜரிடம் சட்டம் பேசாதீர்கள். ஒரு வில்லையைத் தராசில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்தது யாரும் உங்களிடம் கேட்காதது: உப்புச் சிப்ஸ். தக்காளியில் பால் இல்லை என்ற நம்பிக்கையில் இத்தனை நாள் ஓட்டும் வரிசை எப்படி? தக்காளி முடிந்ததும் உப்பு ஓடுமா? அப்படியானால் அந்த நாட்களில் ஓடிய உப்புச் சிப்ஸையும் நிறுத்திவைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சுத்தம் எப்படிச் செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காற்றுக்குழாயை வைத்து ஊதுகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். ஊதினால் தூள் போகாது, இடம் மாறும். மேலே கேபிள் தட்டில் உட்கார்ந்து அடுத்த பேட்சில் விழும். உறிஞ்சி எடுக்கும் மிஷின், தூரிகை, துணி, இந்த வரிசைதான். சானிடைசர் அடித்துத் துடைத்தோம் என்று நிறைய பேர் பெருமையாகச் சொல்வார்கள். கிருமி சாகும். ஒவ்வாமை தருவது புரதம், அதற்குச் சாவு கிடையாது. துடைத்து வெளியே எடுத்தால்தான் போகும். பொரித்தால் போய்விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அதுவும் உங்கள் தூள் விழுவது பொரித்த பிறகு.

லேபுக்கு அனுப்பும்போது ஒன்று. எலைசா, அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் சோதனை கேட்பீர்கள், சரி. எதைத் தேடும் கிட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேசின் தேடும் கிட்டுக்கு வே பவுடர் சரியாகத் தெரியாது, ஏனென்றால் கேசின் பெரும்பகுதி ஏற்கெனவே பிரிந்துபோன நீர்தான் அது. அந்த நீரில் இருக்கும் புரதமான பீட்டா லாக்டோகுளோபுலின் தேடும் கிட் வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு முறை "பால் இல்லை" என்று வந்த ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் அவர் பக்கத்தில் சோதித்த பிறகுதான் விழித்தேன்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று யோசித்தால், லேபிள் தப்பாக எழுதினதால் நடப்பது குறைவு. எழுதிய அன்றைக்கு அது சரியாகத்தான் இருக்கும். அப்புறம் மூட்டை மாறும், உறை மாறாது. லேபிளை ரெசிப்பியோடு ஒப்பிட்டால் என்றைக்கும் பொருந்தும். இன்றைக்கு வந்த மூட்டையோடு ஒப்பிட வேண்டும். மூட்டை உள்ளே வரும்போதே சீட்டைக் கிழித்து, போன சீட்டின் பக்கத்தில் ஒட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிமிட வேலை. மசாலாப் பொருள்களில் இது ரொம்ப முக்கியம். 2014, 2015-ல் அமெரிக்காவில் சீரகத் தூளில் வேர்க்கடலைப் புரதம் கலந்திருந்ததால் சீரகம் சேர்த்த நூற்றுக்கணக்கான பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். சூப், சாஸ், மேலே தூவும் தூள் என்று எங்கெங்கோ போயிருந்தது. அந்த உறைகளை அச்சடித்தவர்கள் யாருக்கும் வேர்க்கடலை என்ற நினைப்பே இருந்திருக்காது.

ஸ்டிக்கர் கேட்டீர்கள். அதிகாரி ஒப்புக்கொண்டால் ஒட்டலாம், பழைய பட்டியலை மூடி, முழுப் பட்டியலும் புதிதாக இருக்கிற மாதிரி. பிய்த்தால் வரக் கூடாது. வெளிப்பெட்டியிலும் மாற வேண்டும். எத்தனை ஸ்டிக்கர் எடுத்தீர்கள், எத்தனை ஒட்டினீர்கள், எத்தனை மிச்சம் என்று எழுதுங்கள், ஒட்டியதும் மிச்சமும் கூட்டினால் எடுத்ததற்குச் சரியாக வர வேண்டும். கணக்கு இடித்தால் ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட் எங்கோ இருக்கலாம் என்று பொருள். இதைவிட எளிய வழி, சப்ளையரிடம் பழைய தூளையே கேட்பது. அவர் பால் இல்லாத கலவையைக் கொடுத்தால் 18 ரோலும் பிழைக்கும். ஆனால் டிரம்மைச் சுத்தம் செய்து, சோதித்த பிறகு.

*

அட்டை_படிக்கிறவள்:

தொழில் எனக்குத் தெரியாது. என் மகனுக்கு ஏழு வயது, பால் ஆகாது. நான் எல்லாவற்றையும் மூன்று தடவை படிப்பேன்: கடையில் ஒன்று, வீட்டில் எடுத்து வைக்கும்போது ஒன்று, பிரிக்கும்போது ஒன்று. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இரண்டு வருடமாகச் சாப்பிடும் பாக்கெட்டை அப்படிப் படிப்பதில்லை. நிறம் பார்த்தவுடன் கை எடுத்துவிடும். போன வருடம் எங்களுக்கு அடி விழுந்தது அங்கேதான். அதே பிஸ்கட், அதே உறை. இரண்டாவது பிஸ்கட்டில் உதடு தடித்தது, ஐந்து நிமிடத்தில் இருமல். அட்ரினலின் பேனாவைத் தொடையில் குத்தி ஆம்புலன்ஸில் போனோம். பிறகு உறையைத் தேடிப் படித்தேன், பால் என்று எங்கேயும் இல்லை. கம்பெனிக்காரர்கள் பதினோரு நாள் கழித்துச் சொன்னார்கள்: பொருள் மாறிவிட்டது, உறை தீரவில்லை. உங்கள் கேள்வியைப் படித்தபோது என் கை நடுங்கியது. கோபம் உங்கள் மேல் இல்லை.

சுவை கூடினால் "புதிய ரெசிப்பி" என்று முன்பக்கத்தில் நட்சத்திரம் போட்டு அச்சடிக்கிறீர்களே, பால் சேர்ந்தால் ஏன் போடுவதில்லை? ஸ்டிக்கர் ஒட்டுவதானால் முன்பக்கத்திலும் ஒன்று ஒட்டுங்கள். பழகின பாக்கெட்டின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டோம்.

அந்த "இருக்கலாம்" வரி பற்றியும் ஒன்று. இப்போது அது எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை மதித்தால் பையனுக்கு வாங்க எதுவுமே மிஞ்சாது. அதனால் நிறைய பேர் அதைக் கண்டுகொள்ளாமல் கொடுக்கிறோம், நானும் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் அடுத்த தடவையும் கொடுப்போம். உங்கள் மேனேஜர் நம்பியிருக்கும் வரியை நாங்கள் படிப்பதையே விட்டுவிட்டோம், அவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2023-ல் எள்ளையும் கட்டாயப் பட்டியலில் சேர்த்தபோது, சுத்தம் செய்வது கஷ்டம் என்று சில ரொட்டி கம்பெனிகள் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து "எள் உள்ளது" என்று போட்டுவிட்டார்களாம். சட்டப்படி சரிதான். அதுவரை அந்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு ரொட்டி போய்விட்டது.

*

ரோல்_பிரஸ்:

உறை அச்சடிக்கிறவன் பேசுகிறேன். மேலே ஐயா சொன்னதெல்லாம் சரி. எங்கள் பக்கத்துத் தவறுகள் சிலவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டிசைனை மாற்றியதாக நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் பர்ச்சேஸ் ஆள் எங்களுக்கு "போன தடவை மாதிரியே" என்று ஒரு வரியில் ஆர்டர் போடுவார். போன தடவை டிசைன் செதுக்கிய அச்சுச் சிலிண்டர் ராக்கில் இருக்கும், பழைய டிசைனே ஓடிவிடும். அதனால் பழைய சிலிண்டரை அழித்துவிட்டேன் என்று அச்சகத்திலிருந்து எழுதி வாங்குங்கள். உறையின் ஓரத்தில் ஒரு பதிப்பு எண் போடச் சொல்லுங்கள், ஆர்டரில் அந்த எண்ணை எழுதுங்கள்.

அப்புறம் ரோலில் ஒட்டு. ஒரு ரோல் நடுவில் அறுந்தால் இன்னொரு துண்டை ஒட்டித்தான் அனுப்புவோம். ராத்திரியில் அவசரத்தில் வேறு சுவையின் துண்டை ஒட்டிவிட்ட ஆளை எனக்குத் தெரியும். (நான்தான்.) இரண்டும் சிவப்பு. உங்கள் பேக்கிங் மிஷினில் பார்கோடு படிக்கும் கண் ஒன்று வைத்தால் தப்பான உறை வந்தவுடன் மிஷின் நின்றுவிடும். ரோல் ஏற்றும்போது மட்டும் பார்த்தால் நடுவில் இருக்கும் ஒட்டு தெரியாது.

*

மூன்றாம்ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வில்லையைத் தராசில் வைத்தேன் ஐயா. 2.3 கிராம். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அட்டை_படிக்கிறவள் அக்கா எழுதியதை போனில் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவரே போனை எடுத்து டீலர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். போனது 260 பெட்டி. இதுவரை 214 திரும்பியிருக்கிறது. மீதி விற்றுப்போனது. அதிகாரிக்குச் சொல்லிவிட்டோம், கடைகளில் ஒட்டும் அறிவிப்பும் போய்விட்டது. அந்த 46 பெட்டியை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

சப்ளையர் பழைய கலவையையே தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார், அதனால் ஸ்டிக்கர் வேலை இல்லை. உப்புச் சிப்ஸ் மாதிரிகள் நீங்கள் சொன்ன கிட்டுக்காக லேபில் இருக்கின்றன. ஆமாம், காற்றுக்குழாய்தான் வைத்து ஊதிக்கொண்டிருந்தோம்.

"இருக்கலாம்" வரியை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று தேடினேன். யாரும் செய்யவில்லை. டிசைன் போட்டவர் வேறு ஏதோ கம்பெனி உறையைப் பார்த்து எழுதியிருக்கிறார். எங்கள் யூனிட்டுக்குள் கோதுமை வந்ததே இல்லை.

நிறம் மாறியதைச் சொன்ன பையனுக்கு இப்போது மூட்டைச் சீட்டு ஒப்பிடும் வேலை கொடுத்திருக்கிறோம். அவன் இன்று ஒரு கேள்வி கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. டிரம்முக்கு அடியில் சேரும் தூளை ஒரு வாளியில் பிடித்து, சலித்து, மறுநாள் திரும்பப் போடுவது வழக்கம். தக்காளி வாளி, சீஸ் வாளி இரண்டும் ஒரே வெள்ளை வாளி, பெயர் எழுதவில்லை. வாசனை பார்த்துத்தான் எடுப்பார்களாம். இப்போது நான்கு வாளி நிற்கிறது. என்ன செய்யட்டும்?

*

பழைய_லேப்_கை:

நான்கையும் கொட்டிவிடுங்கள். நாளைக்குச் சீஸுக்கு மஞ்சள் வாளி, தக்காளிக்குச் சிவப்பு வாளி வாங்குங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் எழுதாத வாளி எதுவானாலும் ஷிப்ட் முடிவில் குப்பைக்குப் போக வேண்டும். சீஸ் வாளித் தூள் சீஸுக்கு மட்டும். அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள்.